டைரி எழுத ஆசைப்படுறவங்களுக்கு: கையால, மூணு வரி போதும்

எங்க அப்பாரு (எங்க அப்பாவோட அப்பா) டைரின்னு ஒண்ணு காசு குடுத்து வாங்கினதே இல்ல. காலையில எந்திரிச்சதும் தினசரி காலண்டர்ல நேத்து தாளை கிழிப்பாரு, அதோட பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவுல ரெண்டு மூணு வரி எழுதுவாரு, திண்ணையில பில்லு குத்தி வைக்கிற கம்பி ஒண்ணு இருக்கும்ல, அதுல குத்திட்டு தோட்டத்துக்கு கிளம்பிடுவாரு. கம்பி நிறைஞ்சா சணல் கோத்து கட்டி பரண் மேல போட்டுருவாரு. கோபிசெட்டிபாளையம் பக்கம், மஞ்சளும் நெல்லும் போடுற சாதாரண விவசாயி, அஞ்சாவது வரைக்கும் தான் படிச்சவரு.

அவரு போய் ஆறு வருஷம் கழிச்சு வீட்டுக்கு ஓடு மாத்துறப்ப அந்த கட்டுங்களை கீழ இறக்கினோம். "மஞ்சளுக்கு களை. ஆள் 4. மத்தியானம் காத்து." "வாய்க்கால் தண்ணி கடைமடைக்கு வரல." "செவலைக்கு சினை புடிச்சுது." "கல்யாணத்துக்கு போகல, கால் வலி." எல்லாம் இப்படித்தான் இருந்துச்சு, நானும் எங்க அத்தையும் தரையில உக்காந்து ஒவ்வொண்ணா திருப்பி திருப்பி பாத்தோம், ஒரு பக்கம் அவரு கையெழுத்து, இன்னொரு பக்கம் தேதி, நட்சத்திரம், ராகுகாலம். அதுல ஒரு தாள்ல "மருமகளுக்கு பொட்டப்புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்குறாங்க. ராத்திரி பூரா மழை"ன்னு இருந்துச்சு. திருப்பி தேதியை பாத்தா நான் பொறந்த நாள். நான் பொறந்தப்ப மழை பெஞ்சுதுன்னு அதுவரைக்கும் எனக்கு யாருமே சொன்னதில்ல, எங்க அம்மாவுக்கே ஞாபகம் இல்ல.

அந்த ஒரு தாளுக்காகத்தான் நான் 2011ல எழுத ஆரம்பிச்சேன், இப்ப 20 நோட்டு தாண்டியாச்சு. எங்கிட்ட டைரி எப்படி எழுதுறதுன்னு கேக்குறவங்க நிறைய பேரு ஜனவரி 1ஆம் தேதி ஜோரா ஆரம்பிச்சு பொங்கலுக்குள்ள விட்டுட்டவங்க. விட்டதுக்கு காரணம் சோம்பேறித்தனம்னு அவங்களே சொல்லிக்கிறாங்க, எனக்கு அப்படி தோணல. டைரின்னா மனசுல இருக்குறதை எல்லாம் அழகா கொட்டணும், படிச்சா கண்ணு கலங்கணும்னு நினைச்சுட்டு உக்காருறாங்க, அது தினமும் யாருக்கும் வராது. நான் சொல்றது ஒண்ணுதான், நடந்ததை எழுதுங்க. என்ன பாத்தீங்க, யாரு என்ன சொன்னாங்க, எவ்வளவு ஆச்சு, வெயிலா மழையா. மனசு தானா அதுக்குள்ள வந்து உக்காந்துக்கும்.

நோட்டும் பேனாவும்

தேதி அச்சடிச்ச டைரி வேண்டாம். டிசம்பர் மாசம் ஆனா பேங்க்ல, உரக்கடையில, நகைக்கடையில குடுக்குறாங்க, பாக்க அழகா தான் இருக்கு, ஆனா நாலு நாள் விட்டுப்போச்சுன்னா அந்த நாலு காலி பக்கமும் நம்மளையே பாத்துட்டு இருக்கும், அதை தாண்டி அஞ்சாவது நாள் எழுத மனசு வராது. இன்னொரு பக்கம் எழுத நிறைய இருக்குற அன்னைக்கு ஒரு பக்கத்துல இடம் பத்தாது. அதுக்கு 192 பக்கம் லாங் சைஸ் கோடு போட்ட நோட்டு ஒண்ணு வாங்குங்க, புள்ளைங்களுக்கு வாங்குற அதே நோட்டு தான், தேதியை நீங்களே போட்டுக்கோங்க. விலை ஜாஸ்தி உள்ள தோல் அட்டை நோட்டும் வேண்டாம், அதுல கிறுக்கல் விழுந்துருமோன்னு பயந்தே எழுத மாட்டோம். நான் ஒரு தடவை பிறந்தநாளுக்கு வந்த அப்படி ஒரு நோட்டை மூணு வருஷம் தொடாமலே வெச்சிருந்தேன்.

தைச்ச பைண்டிங் தானான்னு நடுப்பக்கத்தை விரிச்சு பாத்து வாங்குங்க, நூல் தெரியணும். வெறும் பசை மட்டும் போட்டு ஒட்டினது பத்து வருஷத்துல தாள் தாளா கழண்டு வரும்.

பேனா விஷயத்துல எனக்கு ஒரு அனுபவம் இருக்கு. முன்ன குடியிருந்த வீட்டுல ஒரு மழைக்காலத்துல அலமாரி பக்கம் சுவத்துல தண்ணி இறங்கி ரெண்டு நோட்டு முழுசா நனைஞ்சு போச்சு. பால்பாயின்ட்ல எழுதினது எல்லாம் தாள் சுருங்கினாலும் எழுத்து அப்படியே நின்னுச்சு, ஜெல் பேனாவுல எழுதினது நீலமா பரவி பாதி பக்கம் போயே போச்சு, பால்பாயின்ட் மை எண்ணெய் கலந்தது, தண்ணிக்கு கரையாது. இங்க் பேனா புடிச்சவங்க (எனக்கும் ரொம்ப புடிக்கும், அந்த நிப் தாள்ல உரசுற சத்தத்துக்காகவே) வாஷபிள் ப்ளூன்னு போட்ட மையை தவிர்த்துட்டு, பர்மனெண்ட்னு போட்டதா வாங்குங்க. சாதாரண நோட்டு தாள்ல மை ஊறி பின்பக்கம் தெரிஞ்சுதுன்னா ஒரு பக்கம் மட்டும் எழுதுங்க.

நனைஞ்ச நோட்டை என்ன பண்றதுன்னும் சொல்லிடுறேன், ஏன்னா நான் அப்ப தப்பா மொட்டை மாடி வெயில்ல வெச்சேன், தாளெல்லாம் அப்பளமா நெளிஞ்சு போச்சு. நிழல்ல, ஃபேனுக்கு கீழ, லேசா விரிச்சு நிக்க வைக்கணும், பத்து பதினஞ்சு பக்கத்துக்கு ஒரு தரம் நடுவுல டிஷ்யூ பேப்பர் வெச்சு, அது ஈரமானதும் மாத்திட்டே இருக்கணும். ஒட்டிக்கிட்ட பக்கத்தை ஈரத்தோட பிரிக்காதீங்க. உடனே பண்ண நேரம் இல்லன்னா பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ஃப்ரீசர்ல வெச்சுடலாம், பூஞ்சை புடிக்காம தாங்கும், அப்புறம் நிதானமா எடுத்து காய வெச்சுக்கலாம்.

என்ன எழுதுறது

முதல் வரியில தேதி, கிழமை, ஊர், மணி. கிழமையை விட்டுறாதீங்க, நம்ம ஞாபகம் எல்லாம் கிழமையில தான் இருக்கு, "அன்னைக்கு வியாழக்கிழமை, சந்தை நாள்"னு தான் பேசுவோம், 17ஆம் தேதின்னு பேச மாட்டோம்.

அடுத்து மூணு வரி. நான் வெச்சிருக்குற பழக்கம் என்னன்னா, ஒண்ணு கண்ணால பாத்தது, ஒண்ணு காதால கேட்டது, ஒண்ணு கையில பண்ணினது. உதாரணத்துக்கு என் நோட்டுல இருந்தே ஒரு நாள்: "எதிர்வீட்டு வேம்பு பூத்துருச்சு, வாசல் பூரா பூ. பஸ்ல ஒரு பாட்டி பக்கத்துல இருந்தவங்க கிட்ட 'எம்மவன் நல்லவந்தான், நேரம் தான் இல்ல'ன்னு சொல்லிட்டு வந்தாங்க. மோட்டார் காயில் கட்ட குடுத்தேன், 2200 கேட்டான்." இதுல எங்கயும் நான் சந்தோஷமா இருந்தேன் துக்கமா இருந்தேன்னு இல்ல, ஆனா அந்த பாட்டி சொன்ன வரியை படிக்கிறப்ப எல்லாம் அன்னைக்கு நான் ஏன் இறங்கினதும் எங்க அம்மாவுக்கு ஃபோன் பண்ணேன்னு எனக்கு தெரியும்.

யாராவது சொன்னதை எழுதுறப்ப அவங்க பேசின மாதிரியே எழுதுங்க. இது ரொம்ப முக்கியம். "அத்தை கோபப்பட்டாங்க"ன்னு எழுதினா அஞ்சு வருஷம் கழிச்சு அது வெறும் தகவல், "ஏனுங் சாமி, இந்த வீட்டுல என்னைய ஆளாவே மதிக்கறதில்லீங்களா"ன்னு எழுதினா அத்தையே எதிர்ல வந்து நிப்பாங்க. சின்ன புள்ளைங்க இருக்குற வீட்டுல இதை மட்டும் எழுதினா கூட போதும், அதுங்க பேசுற மழலை ஆறே மாசத்துல மாறிடும், வீடியோவுல மாட்டுறது கொஞ்சம் தான், மத்ததெல்லாம் காத்தோட போயிடும்.

விலையையும் எழுதுங்க. தக்காளி, சிலிண்டர், ஸ்கூல் ஃபீஸ், டீ. இப்ப எழுதுறப்ப சப்புன்னு இருக்கும், பத்து வருஷம் கழிச்சு அந்த பக்கத்துல தான் எல்லாரும் கை வெச்சு நிப்பாங்க. பஸ் டிக்கெட், சினிமா டிக்கெட் எல்லாம் ஒட்டுறவங்க ஒண்ணு கவனிங்க, இப்ப மெஷின்ல வர்ற டிக்கெட்டும் பில்லும் சூட்டுல அச்சாகுற தாள், கொஞ்ச வருஷத்துல வெள்ளை ஆயிடும், அதனால ஒட்டினதுக்கு பக்கத்துலயே எங்க இருந்து எங்க, எவ்வளவுன்னு கையால எழுதி வெச்சுடுங்க. செல்லோ டேப் போட்டு ஒட்டாதீங்க, மஞ்சளாகி பிசுபிசுன்னு பக்கத்து தாளையும் புடிச்சுக்கும், பசை ஸ்டிக் போதும்.

நல்ல தமிழ்ல எழுத வரல, பேச்சு மாதிரி தான் வருதுன்னு தயங்குறவங்களுக்கு ஆனந்தரங்கப் பிள்ளையை சொல்லணும். பாண்டிச்சேரியில டியூப்ளே பிரெஞ்சு கவர்னரா இருந்த காலத்துல துபாஷியா, அதாவது மொழிபெயர்த்து சொல்றவரா இருந்த வியாபாரி, 1736 செப்டம்பர்ல ஆரம்பிச்சு 1761 ஜனவரியில அவரு சாகுற வரைக்கும் கிட்டத்தட்ட 25 வருஷம் தமிழ்ல எழுதினாரு. அந்த தமிழ் அன்னைக்கு அவரு வீட்டுலயும் தெருவுலயும் பேசின தமிழ், நடுவுல பிரெஞ்சு, போர்த்துகீசு, பாரசீக வார்த்தை எல்லாம் அது பாட்டுக்கு வரும். கப்பல் எப்ப வந்துச்சு, என்ன சரக்கு இறங்குச்சு, கவர்னர் என்ன கேட்டாரு, இவரு என்ன பதில் சொன்னாரு, ஊர்ல என்ன பேச்சு, இதைத்தான் எழுதினாரு. 1746ல பிரெஞ்சுக்காரங்க சென்னப்பட்டணத்தை புடிச்சதும், 1748ல பாண்டிச்சேரி வேதபுரீஸ்வரர் கோயிலை இடிச்சதும், அந்த காலத்துல இருந்த ஒருத்தரோட வாயால நமக்கு தெரியுதுன்னா அதுக்கு காரணம் அவரு இலக்கணம் பாத்துட்டு இருக்காம அன்னன்னைக்கு எழுதினது தான். ர, ற எது போடணும்னு யோசிச்சு பேனாவை நிறுத்தாதீங்க, தப்பா இருந்தா இருந்துட்டு போகட்டும்.

ஃபோன்ல எழுதினா என்ன

இதை கேக்காதவங்க இல்ல. ஃபோன்லயும் எழுதலாம், தப்பு இல்ல, நானும் ரெண்டு வருஷம் பண்ணினேன், என்ன ஆச்சுன்னா எழுதறதுக்குன்னு ஃபோனை எடுப்பேன், மேல ஒரு மெசேஜ் வந்து நிக்கும், அதை பாத்துட்டு வர்றதுக்குள்ள என்ன எழுத வந்தோம்னு மறந்துடும். அந்த ஃபோன் போனதோட அந்த ரெண்டு வருஷமும் போச்சு. அதை விட பெருசு வேற ஒண்ணு, கை மெதுவா தான் ஓடும், மனசு வேகமா ஓடும், எல்லாத்தையும் எழுத முடியாதுங்கறதால எது வேணும்னு அந்த இடத்துலயே பொறுக்க வேண்டி இருக்கு, அந்த பொறுக்குறதுல தான் அன்னைக்கு நாள் என்னன்னு நமக்கே புரியுது. அப்புறம் கையெழுத்து. காய்ச்சல்ல எழுதினது சாஞ்சு கெடக்கும், அவசரத்துல எழுதினதுல புள்ளி எல்லாம் கோடா இருக்கும், எங்க அப்பாரோட கடைசி வருஷத்து தாள்கள்ல எழுத்து பெருசு பெருசா நடுங்கி இருக்கும், "கண்ணு மங்கல்"னு அவரு எழுதுறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே கையெழுத்துல அது தெரிஞ்சுது.

ரொம்ப வருஷம் டைப் மட்டுமே பண்ணினவங்களுக்கு முதல் ரெண்டு வாரம் விரல் வலிக்கும். பேனாவை இறுக்கி புடிக்கிறதால வர்றது அது, லூசா புடிங்க, மூணு வரிக்கு மேல போகாதீங்க, சரியாயிடும்.

எப்ப உக்காருறது

புதுசா ஒரு நேரம் ஒதுக்குறேன்னு போனா நடக்காது, ஏற்கனவே தினமும் நடக்குற ஒரு வேலையோட ஒட்டி வைங்க. எனக்கு அது ராத்திரி பாலுக்கு உறை ஊத்தின உடனே, நோட்டும் பேனாவும் சமையல்கட்டுல அரிசி டப்பா மேல தான் இருக்கும். அப்பாருக்கு காலண்டர் தாள் கிழிக்கிற நேரம். உங்களுக்கு காலை காபியா இருக்கலாம், ஆபீஸ் பஸ்ஸுக்கு நிக்கிற பத்து நிமிஷமா இருக்கலாம். நோட்டு மட்டும் கை எட்டுற இடத்துல, பேனா அதுலயே சொருகி இருக்கணும். பேனா தேட எந்திரிச்சா அன்னைக்கு அவ்வளவுதான்.

படுத்தா தூக்கம் வராம நாளைக்கு பண்ண வேண்டியதே மண்டையில சுத்துறவங்க கடைசியா ஒரு அஞ்சு நிமிஷம் நாளைய வேலைகளை வரிசையா எழுதிட்டு படுங்க. அமெரிக்காவுல பெய்லர் யுனிவர்சிட்டியில 57 பேரை வெச்சு பண்ணின ஒரு ஆராய்ச்சி 2018ல வந்துச்சு, முடிச்ச வேலைகளை எழுதினவங்களை விட பண்ண வேண்டியதை எழுதினவங்க சராசரியா 9 நிமிஷம் சீக்கிரம் தூங்கிட்டாங்க, அதுவும் எவ்வளவு விவரமா எழுதினாங்களோ அவ்வளவு சீக்கிரம். சின்ன ஆராய்ச்சி தான், ஆனா எனக்கு பலிக்குது.

நாள் விட்டுப்போனா அதை நிரப்ப உக்காராதீங்க. "ஆறு நாள் எழுதல. ஊருக்கு போயிருந்தோம்"னு ஒரு வரி போட்டுட்டு இன்னைக்கு தேதியில இருந்து போங்க. நமக்கு கிடைச்சிருக்குற ஆனந்தரங்கப் பிள்ளை டைரியிலயே நடுநடுவுல இடைவெளி இருக்கு.

மனசு கனமா இருக்குற நாள்

மூணு வரி பத்தாத நாள் வரும். சண்டை, சாவு, ஏமாத்தம், யார்கிட்டயும் சொல்ல முடியாத விஷயம். அதுக்கு நான் வேற நோட்டு வெச்சிருக்கேன், தினசரி நோட்டுல அதை கலக்குறதில்ல. டெக்சாஸ்ல ஜேம்ஸ் பென்னிபேக்கர்னு ஒரு உளவியல் பேராசிரியர், 1986ல வந்த அவரோட ஆராய்ச்சியில காலேஜ் பசங்களை தொடர்ந்து நாலு நாள், நாளுக்கு 15 நிமிஷம், தங்களை ரொம்ப பாதிச்ச ஒரு விஷயத்தை எழுத சொன்னாரு. நடந்ததையும் அதுல மனசு பட்டதையும் சேத்து எழுதினவங்க எழுதின உடனே இன்னும் சோர்ந்து தான் போனாங்க, ஆனா அடுத்து வந்த மாசங்கள்ல அவங்க உடம்பு சரியில்லன்னு ஹெல்த் சென்டருக்கு போனது குறைஞ்சுது. பின்னாடி நிறைய பேரு இதை திரும்ப பண்ணி பாத்ததுல பலன் ஆளுக்கு ஆள் மாறுதுன்னு தெரிஞ்சிருக்கு, எல்லாருக்கும் மருந்து இல்ல.

நான் பண்றது இதுதான். 15 நிமிஷம் அலாரம் வெச்சுப்பேன், அடிக்காம திருத்தாம எழுதுவேன், அலாரம் அடிச்சதும் நிறுத்திடுவேன். நடந்ததை எழுதிட்டு, அது ஏன் இவ்வளவு வலிக்குதுன்னும் எழுதுவேன். யாரையாவது திட்டுறது மட்டுமே வருதுன்னா தனித்தாள்ல எழுதி கிழிச்சு போட்டுருவேன், அதை நோட்டுல வெச்சு பத்து தடவை படிச்சா கோவம் ஆறாது, ஊறும். எங்க அப்பா போன அடுத்த மாசம் நாலு நாள் இப்படி எழுதினேன், மூணாவது நாள் வரைக்கும் ஆஸ்பத்திரியையும் என்னையும் திட்டிட்டே இருந்தேன், நாலாவது நாள் தான் அவரு கடைசியா நல்லா சாப்பிட்ட தக்காளி ரசத்தை பத்தி எழுதினேன், அன்னைக்கு தான் அழுகை வந்துச்சு.

எழுத எழுத மனசு இன்னும் கீழ போகுது, உயிரோட இருக்கவே புடிக்கலன்னு வரிகள் வருதுன்னா பேனாவை வெச்சுட்டு ஒரு மனுஷர்கிட்ட பேசுங்க. 14416, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு இல்லாம எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசுவாங்க.

பத்திரமா வைக்கிறது, திரும்ப படிக்கிறது

நோட்டு முடிஞ்சதும் முதுகுல நம்பரும், எந்த தேதியில இருந்து எந்த தேதி வரைக்கும்னும் எழுதுங்க. முதல் ரெண்டு பக்கத்தை எப்பவுமே காலியா விட்டு ஆரம்பிங்க, பக்கத்துக்கு நம்பர் போட்டு, "வீட்டு போர்வெல் போட்டது 41, சின்னவன் முதல் பல் 63"ன்னு முக்கியமானதை அங்க குறிச்சுட்டே வாங்க. எனக்கு இது ஒரு தடவை பெரிய உதவி. பையனுக்கு இருமல் வந்து இழுத்துட்டே இருந்துச்சு, டாக்டர் எப்ப எப்ப வருதுன்னு கேட்டாரு, நான் நோட்டை புரட்டி பாத்தேன், மூணு தடவையும் வீட்டுல பரண், புத்தக அலமாரின்னு ஏதோ ஒண்ணை சுத்தம் பண்ணின மறுநாள். தூசி தான்னு அங்கயே தெரிஞ்சு போச்சு. அந்த "பரண் சுத்தம்"ங்கற வரியை எழுதுறப்ப இது ஒரு விஷயமான்னு தான் எழுதினேன்.

ராமபாணப் பூச்சி தான் பெரிய எதிரி, ஈரமும் பசையும் இருக்குற இடத்துக்கு வரும். சுவத்தை ஒட்டி வைக்காதீங்க, அட்டைப்பெட்டியில வைக்காதீங்க, தகர ட்ரங்க் பெட்டி நல்லது. ஓலைச்சுவடிக்கு அந்த காலத்துல வசம்பு வெச்ச மாதிரி துணியில முடிஞ்ச வசம்பும் நல்லா காஞ்ச வேப்பிலையும் நொச்சியும் நான் போடுறேன், வருஷத்துக்கு ஒரு தரம் எல்லா நோட்டையும் வெளிய எடுத்து புரட்டி காத்தாட வெச்சு அதை மாத்திடுவேன். முக்கியமான பக்கங்களை ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

எழுதின உடனே திரும்ப படிக்காதீங்க, குறைஞ்சது ஒரு வருஷம் போகட்டும். பழைய வருஷங்கள்ல இதே தேதிக்கு என்ன எழுதினோம்னு பாக்குறது எனக்கு புடிச்ச விஷயம், ஆகஸ்ட் 15 வாக்குல பாத்தா அப்பாரு தாள்லயும் என் நோட்டுலயும் வாய்க்கால்ல தண்ணி விட்ட செய்தி தான் இருக்கும்.

கடைசியா, யாராவது படிச்சுட்டா என்ன பண்றதுன்னு ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கும், கூட்டுக் குடும்பத்துல இன்னும் ஜாஸ்தி. பூட்டு போட்டா தான் எல்லாருக்கும் சந்தேகம் வருது. தினசரி நோட்டை நான் வெளிப்படையா வைக்கிறேன், யாரு படிச்சாலும் களை எடுத்ததும் கரெண்ட் பில்லும் தான் இருக்கும், அதனால யாரும் படிக்கிறதில்ல. மனசு நோட்டுங்க தனி, அது துணிமணிக்கு கீழ இருக்கு, அட்டையில சிவப்பு நூல் கட்டி இருக்கேன். எங்க பொண்ணுக்கு இப்ப பதினஞ்சு வயசு, அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன், நான் இல்லாத காலத்துல மத்ததெல்லாம் நீயும் தம்பியும் எடுத்து படிங்க, நூல் கட்டினதை மட்டும் பிரிக்காம எரிச்சுடுன்னு. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு சரின்னு சொன்னா, அப்புறம் "நான் பொறந்தது எந்த நோட்டும்மா"ன்னு கேட்டா. மூணாவது நோட்டு, பக்கம் 88.